சிங்கம் பார்க்காத மனிதனைப் பார்க்கும் நாள்

மோஷி ஊரில் அமினியேலிக்குச் சிங்கத்தோடு பழகிய ஆள் என்று பேர். இருபத்தேழு வருஷம் தார் எஸ் சலாம் ரோட்டில் பஸ் ஓட்டியவர். ஒருமுறை சாமே ஊர் தாண்டி டயர் வெடித்தபோது ஒரு பெண்சிங்கம் புதரிலிருந்து வந்து, வேலை முடிகிறவரை ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். போகும்போது பிடரி மயிரை ஒரு சிலுப்புச் சிலுப்பி விடைபெற்றுக்கொண்டதாம். ஊரில் இதை யாரும் மறுத்ததில்லை. ஏனென்றால் அந்த ஜாக்கி இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது.

ஆனால் அமினியேலி தன் அறுபத்தொரு வயதுக்குள் ஒரு சிங்கத்தைக்கூடப் பார்த்ததில்லை. பஸ்காரனுக்கு லீவு கிடையாது. சிங்கத்துக்கோ பஸ்ஸில் போகிற பழக்கம் கிடையாது. இருவரும் சந்திக்க வழியில்லாமலே காலம் போய்விட்டது. இப்போது வலது கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. சிங்கத்தை ஒரு கண்ணால் பார்த்தால் அது பாதிச் சிங்கம்தானே என்ற கவலை அவரை அரித்தது.

அந்தச் சமயத்தில்தான் டென்மார்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார்கள் பதினோரு பேர். அவர்களுக்குத் தலைவி கிர்ஸ்டன் என்ற அம்மாள். ஒன்பது நாள் பயணம் வேண்டும், காட்டு மிருகமும் பார்க்க வேண்டும், மக்களின் பண்பாடும் பார்க்க வேண்டும், திட்டம் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். அமினியேலியிடம் பதினைந்து பேர் உட்காரும் வேன் இருந்தது. வேன் வனவிலங்குப் பூங்காவுக்குள் போனால் அதன் டிரைவரும் போய்த்தானே ஆகவேண்டும்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்த ஆள் கடைத்தெருவில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் செங்கோரோ. அங்கேதான் சங்கடம். அமினியேலி சாகா இனம். செங்கோரோ பாரே இனம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் உதானி உண்டு. உதானி என்றால் கேலிமுறை. பாரே ஆள் சாகா ஆளின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கலாம். அவன் வீட்டுச் சாவுக்கு வந்து, "எந்திரிப்பா, ஜோலி கிடக்கு" என்று பிணத்தை அதட்டலாம். இதையெல்லாம் அவனும் திருப்பிச் செய்யலாம். யாரும் கோபப்படக்கூடாது. கோபப்பட்டவன் ஆடு கொடுக்க வேண்டும்.

"வா உதானிக்காரா," என்றார் செங்கோரோ. "என்ன, உன் சாவு அறிவிப்பு அடிக்கணுமா? இப்பவே அடிச்சு வச்சுக்கலாம், தேதிய மட்டும் விட்டுருவோம்."

"அதுல உன் பேரப் போட்டு அடி. நான் சொல்றத எழுது. முத நாள் வந்து இறங்குறது. சாப்பாடு, தூக்கம்."

"சரி."

"ரெண்டாம் நாள் சிங்கம்."

"சரி."

"மூணாம் நாள் சிங்கம். நாலாம் நாள் சிங்கம்..."

செங்கோரோ விரல்களை எடுத்தார். "ஏம்பா, யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் அங்கதான் மேயுது. அதுங்க உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"வழியில குறுக்க வந்தா பாக்கட்டும். எட்டாம் நாள் வரைக்கும் சிங்கம்."

"பண்பாடு?"

"ஒன்பதாம் நாள் காலையில ஒரு மணி நேரம். யாராவது ரெண்டு பேர ஆடச் சொல்லு."

செங்கோரோ தலையாட்டியபடி வெகுநேரம் தட்டினார். பிறகு திரையைப் பார்த்து, அமினியேலி சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் வாசித்துக் காட்டினார். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொம்பளச் சிங்கத்துக்குப் பிடரி எவ்வளவு நீளம் இருந்துச்சு?"

"முழங்கை நீளம்," என்றார் அமினியேலி. "நல்லா எண்ணெய் தேச்சு வாரின மாதிரி."

"அப்படியா," என்று சொல்லி, செங்கோரோ இன்னும் ஒரு வரி தட்டி அனுப்பிவிட்டார்.

பத்தாம் நாள் செங்கோரோவின் கம்ப்யூட்டருக்குப் பதில் வந்தது. அதையும் செங்கோரோவையே வாசிக்கச் சொல்ல அமினியேலி முட்டாள் இல்லை. அனுப்பியது, வந்தது இரண்டையும் அச்செடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகள் ஐக்கா நர்ஸ். லீவில் வந்திருந்தாள். வாழைக்காயும் கறியும் கரைத்த ம்தோரி சூப்பைக் குடித்துக்கொண்டே வாசித்தாள்.

"அப்பா, இது நீங்க சொன்னதா? 'முதல் நாள்: வந்து சேர்தல், வணக்கம் சொல்லுதல். இரண்டாம் நாள்: வணக்கம் தொடர்ச்சி.'"

"சிங்கம் எங்க?"

"இருங்க. 'மூன்றாம் நாள்: பாரே கிராமத்தில் ஒரு கோழிக்காக நடக்கும் வழக்கில் சாட்சி சொல்லுதல். வழக்குக்கு வயது பதினான்கு. கோழி இப்போது இல்லை. நான்காம் நாள்: சாகா வீட்டில் பசுவைப் பார்த்தல். பசுவும் விருந்தினரைப் பார்க்கும். ஐந்தாம் நாள்: கல்யாணக் கமிட்டிக் கூட்டம். மாப்பிள்ளை இன்னும் முடிவாகவில்லை. ஆறாம் நாள்: ஆள் நிரம்பினால் கிளம்பும் பஸ்ஸில் ஏறி உட்காருதல். ஏழாம் நாள்: ஆறாம் நாளின் தொடர்ச்சி.'"

அமினியேலியின் முகம் வேகவைத்த வாழைக்காய் மாதிரி ஆனது. "எட்டு?"

ஐக்கா சூப்பைக் கீழே வைத்தாள். "'எட்டாம் நாள்: தன் வாழ்நாளில் சிங்கமே பார்த்திராத அறுபத்தொரு வயது சாகா மனிதர் ஒருவர் சிங்கம் பார்க்க அழைத்துச் செல்லப்படுவார். அவர் பார்ப்பதை விருந்தினர் பார்க்கலாம். ஒன்பதாம் நாள்: போய்வருகிறேன் சொல்லுதல். முழு நாள்.'"

அடுப்படியிலிருந்து மனைவி நாயேலியின் குரல் வந்தது. "ஐக்கா அப்பா, அது நீங்கதானே?"

அமினியேலியின் பார்வை மூலையில் இருந்த ஜாக்கிக்குப் போனது.

"எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்," என்றாள் நாயேலி. "எங்கப்பா வீட்டுப் பூனைக்குப் பயந்து பந்தலச் சுத்திப் போன ஆளு நீங்க. அந்த ஜாக்கியையாவது இனிமே குளிப்பாட்டி வைக்காதீங்க."

ஐக்கா பதில் கடிதத்தை எடுத்தாள். கிர்ஸ்டன் எழுதியிருந்தார்: 'இருபத்திரண்டு நாடுகள் போயிருக்கிறோம். இப்படி ஒரு திட்டத்தை யாரும் அனுப்பியதில்லை. மழை வந்தால் மற்ற நாட்களை மாற்றிக்கொள்ளலாம். எட்டாம் நாளை மட்டும் மாற்ற வேண்டாம். நாங்கள் வரும்வரை அந்தப் பெரியவருக்குச் சிங்கத்தைத் தயவுசெய்து காட்டிவிடாதீர்கள். படத்தில்கூட.'

அமினியேலி வெளியே போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டார். மாட்டேன் என்று எழுதிவிட்டால் ஊரில் பேர் மிஞ்சும். அந்தப் பேரைப் புரை விழுந்த கண்ணோடு வைத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான். சரி என்று எழுதினால் சிங்கம் கிடைக்கும். பேர் போய்விடும். வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே யோசித்தார். ஒரு பாதிச் சிங்கமாவது வேண்டும்போல இருந்தது.

கடைத்தெருவுக்குப் போனார். முகம் முழுக்கச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். பல் மட்டும் நறநறவென்றது.

"கோவமா?" என்றார் செங்கோரோ, அவரைப் பார்த்ததும்.

"கோவமெல்லாம் இல்ல. ஆடு இல்ல என்கிட்ட."

"பல்லு சத்தம் கேக்குதே."

"நிலக்கடலை தின்னேன். எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பொம்பளச் சிங்கத்துக்கு ஏதுய்யா பிடரி?"

இந்தச் செய்தி அமினியேலிக்குப் புதிது. கொஞ்சநேரம் அதை மனசுக்குள் வைத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "வரச் சொல்லி எழுது," என்றார்.

"எழுதறேன். ஆனா நானும் வருவேன். உன் பேச்ச அவங்களுக்கு யாரு மொழிபெயர்க்கறது? நீ மயங்கி விழுந்தா யாரு தூக்கறது? சிங்கம்லாம் எனக்கு ஊர் நாய் மாதிரி. எங்க பாரே மலையில வந்து எங்க பாட்டன்கிட்ட யோசனை கேட்டுட்டுப் போகும்."

அடுத்த மூன்று மாதம் மோஷி ஊரே அமினியேலியைச் சிங்கம் பார்க்காமல் காத்தது. சிங்கப் படம் போட்ட பந்தாட்டக் குழுச் சட்டைக்காரர்கள் அவர் எதிரே வந்தால் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். தீப்பெட்டியில், காலண்டரில், பள்ளிக்கூடச் சுவரில், எங்கே சிங்கம் இருந்தாலும் செங்கோரோ போய்க் காகிதம் ஒட்டினார். பாதிரியார், பைபிளில் சிங்கங்களின் குகையில் போடப்பட்ட தானியேலின் கதையைப் பிரசங்கம் செய்தபோது, அமினியேலிக்காக அந்த ஒரு நாள் மட்டும் தானியேலைக் கோழிகளின் கெபியில் போட்டார். கோழிகள் அவனை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லி முடித்ததும் சபை ஆமென் சொன்னது.

வாத்தியார்கள் வந்தார்கள். இரண்டு நாள் வணக்கம் சொன்னார்கள். வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி, ஆடு மாடு எப்படி என்று ஒருவர் விடாமல் கேட்டதில் கிர்ஸ்டனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கோழி வழக்கில் ஒரு வாத்தியார் சொன்ன சாட்சியால் வழக்கு முடிந்துபோகும் ஆபத்து வந்தது. இரண்டு தரப்பும் சேர்ந்து அவரைத் தடுத்து, வாய்தா வாங்கிவிட்டார்கள். பஸ் ஏழாம் நாள் சாயங்காலம் நிரம்பியது. அதற்குள் டிரைவர் வீட்டுக்குப் போயிருந்தார். வாத்தியார்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் விடிந்ததும் வேன் தராங்கிரே பூங்காவுக்குள் நுழைந்தது. அமினியேலி கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். பக்கத்து சீட்டில் செங்கோரோ. வழியில் நாற்பது யானை நின்றன. அவற்றை யாரும் பார்க்கவில்லை. பதினோரு பேரும் அமினியேலியின் பின்மண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய பாவோபாப் மரத்தடியில், நாலு காலையும் ஆகாயத்துக்குக் காட்டியபடி, பஞ்சாயத்து முடிந்த தலைவரைப் போல அது படுத்திருந்தது.

அமினியேலி எஞ்சினை நிறுத்தினார். முதலில் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். புகைக்குள்ளே ஒரு மஞ்சள் மூட்டை தெரிந்தது. பிறகு இரண்டு கண்ணாலும் பார்த்தார். மீசை, மூக்கின்மேல் தழும்பு, காதில் உட்கார்ந்து எழும் ஈ. முழுச் சிங்கம். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். வேனுக்குள் பதினோரு கேமராவும் முன்னால் நீண்டு, அவர் முகத்துக்கு நேரே கிளிக்கிளிக்கென்றன.

"ஷிகமூ," என்றார் அவர், மெல்லிய குரலில். பெரியவர்களைக் கண்டால் சொல்கிற வணக்கம் அது.

சிங்கம் ஒரு கண்ணைத் திறந்தது. அவரைப் பார்த்தது. கொட்டாவி விட்டது.

"பதில் சொல்லிட்டாரு," என்றார் அமினியேலி. கன்னத்தில் என்னவோ ஓடியது. புரை விழுந்த கண்ணிலிருந்துதான் என்று பிறகு சொன்னார். "பிடரி இருக்கு. அப்ப இவரு ஆம்பள. அன்னைக்கு ஜாக்கி பிடிச்சது இவரோட வீட்டம்மா."

கிர்ஸ்டன் ஆவலோடு முன்னால் சாய்ந்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். மொழிபெயர்க்க ஆளில்லை. பக்கத்து சீட் காலியாக இருந்தது. அமினியேலி குனிந்து பார்த்தார். செங்கோரோ சீட்டுக்கு அடியில், டயர் மாற்றும் சாமான்களுக்கு நடுவே, வேனின் ஜாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார்.

"ஏம்பா, உங்க பாட்டன்கிட்ட யோசனை கேக்க வந்தவரு இங்கதான் இருக்காரு. ஒரு வார்த்தை பேசேன்."

"போயிருச்சா?"

சிங்கம் எழுந்து, மண்ணை உதறி, புல்லுக்குள் நடந்து மறைந்தது. வால் நுனி மறைகிறவரை அமினியேலி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைப் போட்டார்.

"இல்ல," என்றார். "உன் பக்கத்துச் சன்னல்ல மூக்க வச்சிருக்கு."

வேன் மெதுவாகக் கிளம்பியது. வாத்தியார்களுக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. ஒருவர்கூட மூச்சு விடவில்லை. கேமராக்கள் ஒவ்வொன்றாகச் சீட்டுக்கு அடிப்பக்கம் திரும்பின.

"இப்ப?"

"கூடவே நடந்து வருது. கதவு எப்படித் திறக்கறதுன்னு யோசிக்குது போல."

வேன் பூங்காவைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறியதும், வாழைப்பழம் விற்கிற பெண்கள் கூவிக்கொண்டு சன்னலோரம் ஓடிவந்தார்கள்.

"இப்பவுமா இருக்கு? பொம்பளைங்க சத்தம் கேக்குதே."

"அவங்களும் அதப் பாத்துத்தான் கத்துறாங்க," என்றார் அமினியேலி. மோஷிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. "என்னப்பா, கோவமா?"

சீட்டுக்கு அடியில் பல் நறநறத்தது.

"கோவமெல்லாம் இல்ல," என்றது செங்கோரோவின் குரல். "ஆடு இல்ல என்கிட்ட."