சனிக்கிழமைக்கு ஊற்றிய எண்ணெய்

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஊதுவிளக்கின் தீயை எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தான் கிளேப். குளிர் மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி. இன்னும் அரை மணியில் அவனுடைய அக்கா புருஷன் யெகோரின் சவப்பெட்டியை லாரியில் ஏற்றிவிடுவார்கள். அதன் பின்னால் அக்கா ராயா இந்தப் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

ராயா பானெட்டைத் திறந்து எண்ணெய் அளவுக்கம்பியை உருவினாள். நுனியிலிருந்து எண்ணெய் சொட்டவில்லை. ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி அப்பிக்கொண்டு நின்றது. இருபது வருஷம் பஸ் ஓட்டியவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிருக்கென்று மெல்லிய எண்ணெயைத் தேடி வாங்கி வந்தவள் அவள்தான். செப்டம்பரில் அவள் கண்ணெதிரில்தான் கிளேப் அதை ஊற்றினான். இது அது இல்லை. கோடைக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெய்; இந்தக் குளிரில் இறுகி எஞ்சினைச் சுழலவிடாது.

"டேய், வெளிய வாடா."

அவன் நகரவில்லை.

வியாழக்கிழமை காலையில் யெகோருக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் அறுபது கிலோமீட்டர் தாண்டி வரவேண்டும். ராயா அவனைத் தாங்கி வந்து முன்சீட்டில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ரெண்டு முறை முனகி அடங்கிவிட்டது. "அது கிளம்பாது ராயா, விடு," என்றான் யெகோர். தன்னைத் தேற்றுகிறான் என்று நினைத்து, பாவி, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வருமுன் அவன் போய்விட்டான்.

"மெல்லிசு எண்ணெய வடிச்சுட்டு இத ஊத்தினது யாரு?"

"நாந்தான். மாமா போன வாரம் சொன்னாருக்கா."

"டிசம்பர்லயா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

கிளேப் தவழ்ந்து வெளியே வந்தான். "எஞ்சின் தட்டுதுல்ல? கெட்டியா ஊத்தினா சத்தம் அமுங்கிடும். பாக்க வர்றவனுக்குத் தெரியாது."

"யாரு வர்றா பாக்க?"

"டவுன்லேர்ந்து ஒருத்தன். சனிக்கிழமை, இன்னிக்குத்தான் வர்றதா இருந்துச்சு. காலைல சூடு காட்டி வெச்சிடலாம்னு..."

"அப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போன வண்டிடா இது."

"உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டாரு."

"நீயும் விடல. கூடப்பொறந்தவன்!" அளவுக்கம்பியை அவன் காலடியில் எறிந்தாள். "எதுக்கு விக்கணும் அந்த மனுஷன்?"

"தெக்க, கடல் பக்கம் போறதுக்கு. இந்தக் குளிரு முடியலயாம். வீடு பாத்து வெச்சிருந்தாரு."

"எத்தன பேருக்கு?"

கிளேப் ஊதுவிளக்கை அணைத்தான். கையுறையால் மூக்கைத் துடைத்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

முப்பத்தொரு வருஷக் குடித்தனம். செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். ராயாவுக்குத் திட்டவும் வாய் வரவில்லை. நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டான், தன் கழுத்தையும் சேர்த்து. அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்ட தன் கைகள்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அளவுக்கம்பியைக் கிளேப்பே எடுத்துத் துடைத்துச் செருகினான். லாரி நகர்ந்தது. பெட்டியருகே உட்கார்ந்திருந்த பெண்கள் ஊசியிலை ஃபிர் மரக்கிளைகளை ஒவ்வொன்றாய்ப் பின்னால் பனியில் போட்டுக்கொண்டே போனார்கள். செத்தவன் போகிற பாதை அது. வீட்டு மனிதர்கள் அதை மிதிக்க மாட்டார்கள்.

சூடு கண்ட எஞ்சின் ஒரே திருப்பில் கிளம்பியது. கிளேப் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

"ஓரமாப் போக்கா... அக்கா, ஓரமா!"

ராயா ஸ்டியரிங்கை ஒடிக்கவில்லை. கல்லறை மேடு வரைக்கும் நட்டநடுவில், ஒரு கிளை விடாமல் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு போனாள்.