தம்பியின் வயதில் ஆடியவன்

வெள்ளிக்கிழமை மாலைப் பயிற்சிக்கு முன், உடை மாற்றும் அறையில் கணுக்காலுக்கு ஒட்டுப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தபோது என் தங்கை மிர்லாந் ஹெய்ட்டியிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணா, ரேடியோ ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன். துக்கச் செய்தி எழுதிக் குடுக்கணும். யாரு செத்ததுன்னு எழுதட்டும்?"

இது என்ன கேள்வி என்று தோன்றும். செத்தது என் தம்பி ஜுட்லான். புதன்கிழமை மோட்டார் சைக்கிளில் வாடகைக்கு ஆள் ஏற்றிப் போகையில் லாரி அடித்துவிட்டது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் காகிதப்படி ஜுட்லான் நான்தான்.

எனக்கு இருபத்தொரு வயதானபோது, பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களை வெளிநாட்டுக் கால்பந்து கிளப்புக்குத் தேர்வு செய்ய ஆள் வந்தார்கள். ஜுட்லானுக்குப் பதினாறு. அப்பா அவனுடைய பிறப்புச் சான்றை என் கையிலும், அனெல் என்று பெயர் போட்ட என்னுடையதை அவன் கையிலும் கொடுத்தார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. அந்த வருஷம் ஜுட்லானுக்கு அரசுத் தேர்வு. சான்று கேட்டார்கள். புது நகல் எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அப்பா தடுத்துவிட்டார். நன்றாகப் படிக்கிற பையன், வண்டி ஓட்டப் போனான்.

கோபித்துக்கொள்ளவில்லை, கிண்டல்தான் செய்தான். போனை எடுத்தாலே, "என்னடா தம்பி, அண்ணன் பேசுறேன், எந்திரிச்சு நின்னு பேசு" என்பான். சில நாள் நிஜமாகவே எழுந்து நின்றிருக்கிறேன்.

இப்போது நான் துனீசியாவில் இந்தக் கடலோர ஊரின் அணியில் தடுப்பாட்டக்காரன். முப்பத்தொரு வயது ஜுட்லானுக்கு இன்னும் இரண்டு வருஷ ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முப்பத்தாறு வயது அனெலுக்கு ஒப்பந்தம் கிடையாது, தடைதான் வரும். அம்மா, மிர்லாந், தம்பியின் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் என் காலை நம்பித்தான் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர் வானொலித் துக்கச் செய்தி ஒருவரையும் விடாது. தாய் இன்னார், தங்கை இன்னார், அமெரிக்காவில் இருக்கும் அத்தை இன்னார், வெளிநாட்டில் பந்தாடும் சகோதரர் இன்னார் என்று வரிசையாகப் படிப்பார்கள். பந்தாட்டக்காரன் வீட்டுச் சாவென்றால் மறுநிமிடம் இணையத்துக்கும் வந்துவிடும். அதில் செத்தவன் பெயர் ஜுட்லான் என்றிருந்தால் என் கதை முடிந்தது.

"சொல்லுண்ணா, உள்ள கூப்பிடுறாங்க."

"பேப்பர்ல இருக்கிற மாதிரியே எழுது."

"அப்போ அனெல் செத்துட்டான்னா?"

"ஆமா."

"கல்லறையிலயுமா?"

பட்டையின் நுனி கைக்குச் சிக்கவில்லை. தேடி எடுத்து ஒட்டினேன்.

"அதுலயும்தான்."

"பதினஞ்சு வருஷமா அவன் பேரை நீ வச்சிருந்த. செத்த பிறகாவது திருப்பிக் குடுக்கக் கூடாதா?"

"பயிற்சிக்கு நேரமாச்சு, மிர்லாந்."

"போ, போ. முப்பத்தொரு வயசுக்காரன், நல்லா ஓடுவ."

ஓடினேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு ஈறு இருக்குமே, அப்படி இருந்தது உடம்பு முழுவதும். என் மேல் எனக்கு வெறுப்புகூட வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சனிக்கிழமை அடக்கம். போக நினைத்தாலும், கும்பல் சண்டையால் ஊருக்கு விமானம் கிடையாது. மிர்லாந் வீடியோ மட்டும் அனுப்பினாள், ஒரு வார்த்தை எழுதவில்லை. யாரைப் புதைக்கிறோம் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். பாதிரியார் அனெல் என்றார், தெரு முழுக்க ஆமென் சொன்னது. செத்தவன் பெயரைக் கூப்பிட்டுக் கதறுவதுதான் எங்கள் வழக்கம். அம்மா மட்டும் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. சுற்றிலும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார்கள். "என் பிள்ள, என் பிள்ள" என்று மட்டும் கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன், நம் ஜுட்லானின் அண்ணன் அனெலுக்காக ஒரு நிமிடம் மௌனம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கறுப்புப் பட்டை கட்டி, எனக்காக நானே தலைகுனிந்து நின்றேன். பக்கத்தில் நின்ற கேப்டன் நிசார் மெல்லக் கேட்டான்.

"அண்ணனுக்கு என்ன வயசு?"

"முப்பத்தாறு."

"அடப்பாவமே, சின்ன வயசுப்பா."

எதிரணியில் முப்பத்தாறு வயதுக்காரன் வந்தால் தாத்தா என்று கூப்பிடுகிறவன் இவன். விசில் ஊதினார்கள். தொண்ணூறு நிமிடமும் ஆடினேன். கோல் இல்லாமல் முடிந்தது.

குளித்துவிட்டு வந்ததும் அம்மாவின் அழைப்பு. இத்தனை வருஷத்தில் அம்மா மட்டும் அந்தப் பொய்யை வாயில் எடுத்ததே இல்லை. யார் எதிரில் இருந்தாலும், அப்பா எவ்வளவு அதட்டினாலும், அவளுக்கு நான் அனெல்தான்.

"ஜுட்லானா?" என்றாள்.

வாய் தவறிச் சொல்லிவிட்டாள், திருத்திக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

"ஜுட்லான், சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேம்மா" என்றேன்.