இருநூறு டிக்கெட்

எங்கள் வீட்டில் அரசியல் பார்ப்பது என் வீட்டுக்காரர், அரிசி வாங்குவது நான். அவர் ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். என் கூடப்பிறந்த அண்ணன் எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர். மச்சான், மாப்பிள்ளை என்று தோளில் கைபோட்டுத் திரிந்தவர்கள், போன தேர்தலில் எந்தக் கட்சி எந்தச் சுவரில் எழுதுவது என்று கட்டிப் புரண்டார்கள். மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மத்தளம் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. ஆபரேஷன் துணிகளைக் கொதிக்க வைத்து, உலர்த்தி, மடித்துக் கட்ட வேண்டும். ஏழரைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பஸ் போய்ச் சேருவது ஒன்பதுக்கு. ஆறு நாற்பது பாசஞ்சர் ரயில் ஒன்றுதான் என்னை நேரத்துக்குக் கொண்டு சேர்க்கும். அது போனால் என் வேலையும் போகும்.

அந்த ரயிலை விட்டது அண்ணன் கட்சி. டிக்கெட் விற்பனை போதாமல் வருடா வருடம் அரசாங்கம் மானியம் கொடுத்து ஓட்டியது. ஆட்சி மாறியதும், ஆளேறாத ரயிலுக்கு எதற்கு மக்கள் பணம் என்று புது அரசாங்கம் கேட்டது. அண்ணன் கட்சிக்காரர்கள் கத்தினார்கள். ஓட்டுக் கேட்டு இதே தெருவுக்குத்தானே வர வேண்டும் என்று எங்கள் வீட்டுக்காரரும் மேலிடத்துக்கு மனு எழுதினார். கடைசியில் ஒரு நிபந்தனை வந்தது. எங்கள் நிலையத்தில் ஒரு வாரத்தில் ஐந்நூறு டிக்கெட் விற்றால் மானியம் தொடரும், இல்லையென்றால் ரயில் ரத்து. கணக்கெடுக்க ஒரு அதிகாரியம்மா வந்து டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ஆறு நாளில் முந்நூறு விற்றது. ஏழாம் நாள் இருநூறு வேண்டும். அன்றைக்குத்தான் இரண்டு கட்சியும் ‘ரயில் காப்போம்’ என்று தனித்தனியாக ஆள் திரட்டின. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டு பேரும் முதல்முறையாக உருப்படியாக ஒரு காரியம் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

காலை ஆறு மணிக்கு நிலையத்தில் எள் போட்டால் கீழே விழாது. இந்தப் பக்கம் நூற்றைம்பது பேர், அந்தப் பக்கம் நூற்றைம்பது பேர், நடுவில் கொடிகள், இரண்டு மைக். என் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, எத்தனை ஆச்சு என்று கேட்டேன். நாற்பத்து மூன்று என்றார் டிக்கெட் கொடுப்பவர். எல்லாம் தினமும் வரும் முகங்கள். கொடி பிடித்தவர்களில் ஒருவர்கூட வாங்கவில்லை. கூட்டத்துக்குப் போகிறவன் எந்தக் காலத்தில் டிக்கெட் எடுத்தான்?

அதிகாரியம்மாவிடம் கெஞ்சினேன். இத்தனை பேர் நிற்கிறார்களே, எண்ணிக்கொள்ளக் கூடாதா என்றேன். அவர் பாவமாகத்தான் பார்த்தார். “நான் தலையை எண்ண வரலம்மா. ரயில் கிளம்புற வரைக்கும் விக்கிற டிக்கெட்டை எண்ணத்தான் வந்திருக்கேன்.”

வீட்டுக்காரரிடம் ஓடினேன். நம்ம அரசாங்கத்து ரயிலில் நாமே டிக்கெட் எடுத்தால், சொந்த ஆட்சியை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். முதலில் அவர்கள் எடுக்கட்டும் என்றார். அண்ணனிடம் ஓடினேன். போராட வந்தவன் காசு கொடுத்துவிட்டா போராடுவான், முதலில் ஆள்கிறவன் எடுக்கட்டும் என்றான். மணி ஆறே கால். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேர் மண்டையையும் சேர்த்து மோதியிருப்பேன்.

வீட்டுக்காரர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன். என் வேலையைச் சொல்லி அழுதால் பாவம் என்பார்கள், அத்தோடு சரி. இவர்களுக்கு எது உறைக்கும் என்று பதினெட்டு வருடக் குடித்தனத்தில் எனக்குத் தெரியாதா?

“எந்தக் கட்சி எத்தனை டிக்கெட் வாங்குதுன்னு மேடம் தனித்தனியா எழுதுறாங்களாம்,” என்றேன். “சாயங்காலம் பேப்பர்ல வருமாம்.”

அப்பட்டமான பொய். அதிகாரியம்மா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்தார். புண்ணியவதி.

அப்புறம் பார்க்க வேண்டுமே. சட்டைப் பை கிழியும் அளவுக்கு ஜன்னலில் முட்டினார்கள். காசில்லாதவனுக்குப் பக்கத்துக் கட்சிக்காரன் கண்ணில் படாமல் அண்ணன் கொடுத்தான். எங்கள் வீட்டுக்காரர் தன் ஆட்களுக்கு எடுத்துக்கொடுக்க என்னிடமே கைமாற்றுக் கேட்டார். ரயில் வந்தது. டிக்கெட் எடுத்தவர்களெல்லாம் கொடியோடு கதவுகளில் தொற்றிக்கொண்டார்கள். இருநூற்று முப்பத்தொன்று என்று டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளிருந்து சத்தம் வந்தது. நான் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. எந்தக் கதவிலும் ஒரு கால் வைக்க இடமில்லை.

கையில் டிக்கெட்டோடு நான் பிளாட்பாரத்தில் நின்றதை இருவரும் பார்த்தார்கள். அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான். வேனில் விடுகிறேன், ஏறு என்றான். பிறகு கைக்கெட்டும் தூரத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்க்காமல், “அவரையும் ஏறச் சொல்லு,” என்றான்.

நாலு பக்கமும் எதிர்க்கட்சித் தலைவர் சிரிக்கிற வேன். தன் கட்சி அலுவலகத்தைத் தாண்டும்வரை என் வீட்டுக்காரர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தே இருந்தார். பிறகு நெடுஞ்சாலை. தோண்டிப் போட்ட பாதை, லாரிக்குப் பின்னால் லாரி. ஏழரை ஆனபோது பாதி வழிகூட வரவில்லை. அரைநாள் சம்பளம் போயிற்று.

“ரயில்ல எவ்வளவு நேரம்?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

“முப்பத்தஞ்சு நிமிஷம்.”

முன்னால் நின்ற லாரிகளைப் பார்த்துக்கொண்டே, “ரயில் இல்லைன்னா தினமும் இப்படித்தான் வந்திருப்பியா?” என்றார்.

“இல்லை. வேலையை விட்டிருப்பேன்.”

லாரிகளிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினார். பிறகு, அண்ணன் காதில் விழும் என்று தெரிந்தே சொன்னார்.

“அது அவங்க விட்ட ரயில்னுதான் இத்தனை நாள் நினைச்சேன். நீ போற ரயில்னு ஒருநாளும் நினைக்கலை.”

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் லாரி அசையாமல் நிற்க, ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.