அழைப்பிதழின் வலப்பக்கம்

கல்முனை பஸாரில் ஜெமீலின் அச்சகத்துக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வியாதிதான். தங்கள் பேர் பெரிய எழுத்தில் வர வேண்டும். கலியாண அழைப்பானாலும் சரி, கடை திறக்கிற நோட்டீஸானாலும் சரி, "எல்லாத்தையும் பெருசாப் போடுங்க தம்பி" என்பார்கள். எல்லாமே பெரிதாக இருந்தால் அதில் எதுதான் பெரிது என்று கேட்டுக் கேட்டு ஜெமீலுக்கு வாய் நொந்துவிட்டது. எங்காவது கொஞ்சம் வெள்ளை இடம் விட்டால், "பேப்பரை ஏன் வீணாக்குற? அதுல ரெண்டு ரோசாப்பூவப் போடு" என்று அதட்டுவார்கள். அவனும் பிழைக்க வேண்டுமே. பூவைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தான்.

அது எண்பதாம் ஆண்டு. ஒருநாள் காலையில் மருதமுனையிலிருந்து றாஹிலா பஸ்ஸேறி அந்த அச்சகத்துக்கு வந்தாள். தலைப்பை இழுத்து முக்காடு போட்டிருந்தாள். மகளுடைய கலியாண அழைப்புக்கு ஜெமீல் சரிபார்க்க அனுப்பியிருந்த புரூப் தாள் அவள் கையில் இருந்தது. அதை மேசையில் அடித்து வைத்த வேகத்தில் அங்கே கிடந்த ஈய எழுத்துகள் துள்ளின.

"ஜெமீல், இது ஆர்ட மகள்ட கலியாணம்?"

"உங்கட மகள்டதான் ராத்தா."

"அப்ப இதுல நான் எங்க?"

ஜெமீல் தாளைப் பார்த்தான். இரு வீட்டாரும் சேர்ந்து அடிக்கும் அழைப்பு அது. விரித்தால் இடப்பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்கு, வலப்பக்கம் பெண் வீட்டுக்கு. இடப்பக்கத்தை மாப்பிள்ளை றஊபின் வாப்பா மீராசாஹிபு ஹாஜியார் ஒருவரே நிறைத்திருந்தார். அல்ஹாஜ், சமாதான நீதவான், அரிசி ஆலை அதிபர், முன்னாள் தலைவர், இந்நாள் போஷகர் என்று பட்டங்கள் ஓரம்வரை போய் முட்டிக்கொண்டு நின்றன. வலப்பக்கத்தில் மர்ஹூம் அப்துல் கபூரின் புதல்வி சுல்பிகா. அழைப்பவர் காலிதீன். இறந்துபோன கபூரின் காக்கா, மூத்த அண்ணன் அவர். பெண்ணைப் பெற்றவளின் பேர் மருந்துக்கும் இல்லை.

"பொம்புளைட பேரப் போட்டு அழைக்கிற வழக்கமில்லியே ராத்தா. காலிதீன் காக்காதான் இப்பிடிப் போடச் சொன்னாரு."

"அவரு செல்லுவாரு. வீடு ஆர்ட?"

இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணோடுதான் போகும். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். கபூர் மௌத்தானபோது சுல்பிகா பால் மறக்காத பிள்ளை. றாஹிலா தறியில் உட்கார்ந்து, சாறனும் சேலையுமாக நெய்து, அந்த வீட்டைக் கல்லுக் கல்லாக எழுப்பினாள். எழுபத்தெட்டுச் சூறாவளி கூரையை அள்ளிக்கொண்டு போனபோது காலிதீன் வந்தார். ரோட்டில் நின்றபடியே உச்சுக்கொட்டினார், போய்விட்டார். மறுபடியும் ஓடு போட்டவள் அவள்தான். அந்த ஓட்டுக்குக் கீழே வந்து சோறு தின்னும்படி ஊரை அழைக்கிறவர் காலிதீனாம்! கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

"என்ட பேரப் போடுங்க. ஹாஜியார்ட பேரு எவ்வளவு பெருசோ, அவ்வளவு பெருசு."

ஜெமீல் தலையைச் சொறிந்தான். பெரிய எழுத்துப் பெட்டியை இழுத்துக் காட்டினான். சூறாவளியில் அச்சகத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது பாதி எழுத்துகள் சேற்றோடு போய்விட்டன. மிச்சத்தை ஹாஜியாரின் பட்டங்கள் விழுங்கிவிட்டன.

"உங்கட பேருக்கு ஒரு 'ஹி' வேணும் ராத்தா. இருந்தது ஒண்டே ஒண்டு. அது மீராசாஹிபுல இரிக்கி."

"கழட்டுங்க."

"அல்லாஹ்வே! என்ட கழுத்தயும் சேத்துக் கழட்டிருவாரு. ஆலைட வேலையெல்லாம் இஞ்சதான் வருது."

"அப்ப அவர்ட பக்கத்த அடிச்சி முடிங்க. பொறகு கழட்டி என்ட பக்கத்துக்குப் போடுங்க."

"இது கால்மிதி மெஷின். பழசு. ரெண்டாந்தரம் தாள் வெச்சா நேரா நிக்காது. உங்கட பேரு சரிஞ்சி போயிரும்."

"சரிஞ்சி நிக்கவா நான் பஸ்ஸேறி வந்த?"

கடைசியில் ஜெமீல் ஒரு சமாதானத்துக்கு வந்தான். காலிதீனின் பேருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'றாஹிலா' என்று கோர்த்து, அங்கேயே ஒரு புரூப் எடுத்துக் கொடுத்தான். ரோசாப்பூ, ஓரக்கோடு, பிறைநிலா, மர்ஹூம், புதல்வி, காலிதீன், எல்லாவற்றுக்கும் அடியில் அவள் பேர் கிடந்தது. சோற்றில் விழுந்த எறும்பைப் பார்ப்பதுபோல அதை அவள் பார்த்தாள். கோபத்தில் கண் கலங்கியது. அழுதுவிடுவோமோ என்ற பயத்தில் இன்னும் கோபம் வந்தது.

தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இடது உள்ளங்கையால் பூவை மறைத்தாள். வலது கையால் காலிதீனை மறைத்தாள். விரல்களுக்கு நடுவே தன் பேர் மட்டும் தெரிந்தது. அப்படியே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்து அதே சின்ன எழுத்துத்தான். ஆனால் இப்போது தாளில் அதுதான் இருந்தது.

"ஜெமீல், சேலைட உடம்புலயும் பூ, கரையிலயும் பூவெண்டா கரை ஆர்ட கண்ணுக்குத் தெரியும்? இதெல்லாத்தையும் எடுங்க."

"பூவையுமா?"

"பூவையும். கோட்டையும். மச்சானையும்."

ஜெமீலின் முகம் மெல்ல மலர்ந்தது. இத்தனை காலமும் ஊரெல்லாம் கெஞ்சியும் ஒருத்தரும் கேட்காத வெற்றிடத்தை ஒருத்தி தானாக வந்து கேட்கிறாள்! பயத்தை மறந்து அச்சுக்கோர்க்கும் தட்டைக் கையில் எடுத்தான்.

"என்ன போட?"

அவள் யோசிக்கவில்லை. தறியில் உட்கார்ந்தபடி எத்தனை நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாளோ, கடகடவென்று சொன்னாள். கபூரின் பேர் வந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

'நானும் மர்ஹூம் அப்துல் கபூரும் பெற்ற மகள் சுல்பிகாவின் நிக்காஹ் என் வீட்டில். வாருங்கள். றாஹிலா.'

நாளும் நேரமும் தாளின் அடியில் ஒரு வரி. அவ்வளவுதான். எழுத்தை நட்டநடுவில் வைத்தால் கண்ணுக்குக் கீழே இறங்கினமாதிரித் தெரியும் என்று ஜெமீல் அதைச் சற்று மேலே ஏற்றினான். வரிகளுக்கு நடுவே தாராளமாக இடைவெளி விட்டான். 'றாஹிலா'வை மற்ற வரிகளிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி, தனியே நிற்க வைத்தான்.

"ஹாஜியார் பாத்தா?" என்று கேட்டபோது அவனுக்குப் பயம் திரும்பி வந்துவிட்டது.

"அவர்ட பக்கத்தில ஒரு புள்ளியும் குறைக்காதீங்க. மத்தப் பக்கத்த அவரு எங்க பாக்கப் போறாரு?"

அவள் சொன்னபடியேதான் நடந்தது. ஹாஜியார் வந்தார், கண்ணாடியை மாட்டினார், இடப்பக்கத்தில் விரல் வைத்துத் தன் பட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். 'போஷகர்' என்பதைத் திரும்பவும் ஒருதரம் வாசித்தார். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அழைப்பு, ஊர் வாயில் 'காட்டு', வீடு வீடாகப் போனது. தறிக்காரப் பெண்கள் மருதமுனையில் கொடுத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் மற்ற ஊர்களில் கொடுத்தார்கள். விரித்தவர்களின் கண் இடப்பக்கத்தில் ஒரு கணமும் நிற்கவில்லை. அந்த நெரிசலில் எங்கேதான் நிற்பது? நேரே வலப்பக்கம் போய், வெள்ளைத் தாளில் தனியே நின்ற அந்தப் பேரில் பதிந்தது. ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் ஹாஜியாரிடமே கேட்டுவிட்டார்.

"என்ன ஹாஜியார், மகன்ட கலியாணக் காட்டுல உங்கட பேரக் காணல்லியே?"

அன்று பின்னேரம் ஹாஜியார் றாஹிலாவின் முற்றத்தில் வந்து நின்றார். கூடவே காலிதீன். வரச்சொல்லி நாற்காலி போட்டும் இருவரும் உட்காரவில்லை. கதவுக்குப் பின்னால் சுல்பிகா நிற்பது றாஹிலாவுக்குத் தெரியும். மகளின் மூச்சுச் சத்தம் கேட்டது.

"இது என்ன வேல தங்கச்சி?" ஹாஜியார் அழைப்பை ஆட்டினார். "பொம்புளைட பேரு ஊரு ஆம்புளையள்ட கையில திரியிறது ஒரு வெக்கமில்லியா?"

"ஹாஜியார், உங்கட இடுப்பில கிடக்கிற சாறன் என்ட தறியில நெய்தது. நான் நெய்தது இடுப்பில கிடக்கலாம், என்ட பேரு கையில கிடக்கப்படாதா?"

ஹாஜியாரின் கை தன்னையறியாமல் சாறன் முடிச்சைத் தொட்டது. காலிதீன் முந்திக்கொண்டு பாய்ந்தார்.

"நம்மட குடும்பத்த சந்தி சிரிக்க வெச்சிட்டாய்! வாப்பா இல்லாத புள்ளைக்கு நாந்தானே பொறுப்பு?"

"மச்சான், பொறுப்பு கூரை போனண்டைக்கும் இருந்திருக்கணும்."

காலிதீன் ஹாஜியாரின் பின்னால் ஒதுங்கினார். ஆனால் ஹாஜியார் லேசில் அடங்குகிற ஆளில்லை. குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"குடுத்த காட்டையெல்லாம் திரும்ப எடுத்து, காலிதீன்ட பேர்ல புதுசா அடிக்கணும். ஏலாதெண்டா இந்தக் கலியாணம் நடக்காது."

பேசி முடித்த கலியாணம் நின்றுபோன பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று றாஹிலாவுக்குத் தெரியாதா? ஒரு பேருக்காக மகளின் வாழ்க்கையை விலை பேசுகிறோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கும் வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. அந்த நேரம் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தது. இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தது.

"உம்மா, காட்டு நல்லாத்தானே இரிக்கி" என்றாள் சுல்பிகா.

றாஹிலா நிமிர்ந்தாள்.

"ஹாஜியார், கலியாணம் இருக்கெண்டு செல்லி நான் அழைச்சிட்டன். இல்லயெண்டு செல்லுறதெண்டா அது உங்கட வேல. ஜெமீல்ட்டப் போய் இன்னொரு காட்டு அடிங்க. அதுல நான் பங்குக்கு வரமாட்டன். ரெண்டு பக்கமும் உங்களுக்குத்தான். உங்கட பேர எவ்வளவு பெருசா வேணுமெண்டாலும் போட்டு, வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுங்க."

ஹாஜியார் எதையோ சொல்ல வாயெடுத்தார். அல்ஹாஜ், சமாதான நீதவான், போஷகர் என்று எல்லாப் பட்டத்தையும் போட்டு, அதற்குக் கீழே 'என் மகனின் கலியாணம் நடக்காது' என்று அச்சடித்த தாள் அவர் கண்ணுக்குள் வந்து நின்றிருக்க வேண்டும். முகம் கறுத்தது. திரும்பி நடந்தார். காலிதீன் பின்னால் ஓடினார்.

அடுத்து வந்த நாட்களில் ஹாஜியாரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. றாஹிலா யாரிடமும் விசாரிக்கவில்லை. கலியாணத்துக்கு அரிசி ஊறப்போட்டாள், பந்தல்காரனை ஏவினாள், தறியைப் பிரித்து மணவறைக்கு இடம் எடுத்தாள்.

நிக்காஹ் நாளில் மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. முன்னால் றஊப். பக்கத்தில் ஹாஜியார், வெள்ளைத் தொப்பியும் விறைத்த கழுத்துமாக. ஒழுங்கை திரும்பும் இடத்தில் அட்டாளைச்சேனையிலிருந்து வந்த அவருடைய தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். கையில் அழைப்பு விரிந்திருந்தது. ஊர்வலத்தைக் கண்டதும் சந்தோஷமாகக் கிட்ட வந்து, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி ஹாஜியாரிடமே கேட்டார்.

"காக்கா, றாஹிலாட வீட்டுக்கு இப்பிடியா போறது?"

ஹாஜியார் நின்றார். ஊர்வலமும் நின்றது. மகன் அவர் முகத்தைப் பார்த்தான். முற்றத்து வாசலில் நின்ற றாஹிலாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஓம்," என்றார் ஹாஜியார். "றாஹிலாட வீடு இதுதான்."