எட்டு சதவீதம்

இரும்புக் குழாய் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் அவள் தங்கச்சிதான். மருத்துவ அறைக்கு நர்ஸாக அவள் வந்த முதல் நாளே, கிரேன் ஓட்டும் அவளுடைய அண்ணன், "என் தங்கச்சிதான் வந்திருக்கா, ஊசிக்குப் பயப்படாம போங்கடா" என்று தம்பட்டம் அடித்துவிட்டான். அவனுக்கு அங்கே மேல்மாடி என்று பெயர். நாற்பத்திரண்டு படி ஏறி, கூரைக்குக் கீழே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, மூன்று டன் குழாய்க்கட்டை, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல இறக்குவான். கைதான் அப்படி. வாய் சுத்த ஓட்டை வாய். ஒரு டீ ஆறும் நேரத்துக்கு மேல் அதில் எந்த ரகசியமும் தங்காது.

வருடத்துக்கு ஒருமுறை அவள் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்குப் போட வேண்டும். வயது, புகைப் பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் தட்டினால், அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வர நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கம்ப்யூட்டர் சொல்லும். பத்துக்குக் கீழே பச்சை. இருபதைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு வந்தவனைக் கிரேனிலிருந்து இறக்கி, வாசல் கேட்டில் உட்காரவைத்து லாரி நம்பர் எழுதச் சொல்வார்கள். அங்கே போனவன் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

அண்ணனுக்கு இருபத்துநான்கு வந்தது.

கேட்டில் நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. புகை என்ற இடத்தில் 'உண்டு' என்பதை 'இல்லை' ஆக்கினாள். பதினைந்துக்கு இறங்கியது. அழுத்தம் நூற்று அறுபத்தெட்டை நூற்று முப்பதாக்கினாள். எட்டு. பச்சை. வியாழக்கிழமை மட்டும் தலைகாட்டும் டாக்டர், தலைநிமிராமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஒரே ஒரு வருடம்தான் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அதற்குள் அண்ணனை வெளியே ஒரு டாக்டரிடம் காட்டி, மாத்திரை தொடங்கி, சிகரெட்டை நிறுத்திவிட்டால் பொய் தானே உண்மையாகிவிடும். எண்ணை மாற்றியதை அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை; எட்டு என்றே சொன்னாள். சொன்னால் சாயங்காலத்துக்குள் கேன்டீன் முழுக்கத் தெரிந்துவிடும்.

"வெளியில ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம், வா அண்ணா."

"எதுக்கு? நீதானே எட்டுன்னு சொன்ன?"

"எட்டுன்னாலும் சிகரெட்டை விடணும்ல."

"சிகரெட்டோட சேர்த்துத்தானே எட்டு? விட்டா மைனஸ்ல போயிடுமே!" என்று சொல்லி, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான்.

கேன்டீனில் பார்ப்பவனிடமெல்லாம், "உனக்கு எத்தனை? எனக்கு எட்டு" என்றான். அவள் யாரை ஏமாற்ற நினைத்தாளோ அந்த டாக்டர் அந்த எண்ணைப் படிக்கக்கூட இல்லை. முழுசாக நம்பியவன் அண்ணன் ஒருவன்தான். அதுவரை பயமுறுத்திப் பயமுறுத்திச் சிகரெட்டைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்த அண்ணி ஒருநாள், "நீ எட்டுன்னு சொன்னதுலருந்து என் பேச்சு எடுபடறதே இல்லம்மா" என்று அலுத்துக்கொண்டாள். அப்போதும் தங்கச்சி உண்மையைச் சொல்லவில்லை. அடுத்த வருடமும் எட்டு. அதற்கடுத்த வருடமும் எட்டு. உண்மையான எண்களைத் தட்டிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

நான்காம் வருடம் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, குழாய்க்கட்டு பாதி தூரத்தில் அந்தரத்தில் நின்றுவிட்டது. கீழே இருந்தவர்கள் மேல்மாடி விளையாடுகிறான் என்று நினைத்து, "தூக்கம் கலைஞ்சா இறக்கிவைங்கண்ணே!" என்று கத்திச் சிரித்தார்கள். சிரித்தே கால் மணி நேரத்தைப் போக்கினார்கள். வெல்டர் ஒருவன் ஏறிப் பார்த்துவிட்டு அலறினான். அந்த நாற்பத்திரண்டு படியையும் அவள் அன்றுதான் முதல் தடவையாக ஏறினாள்.

வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும், திரும்பிப் படுக்க வேண்டுமென்றாலும் அவன் "எட்டு" என்றான். மூளை சில சமயம் இப்படி ஒரு சொல்லை மட்டும் விட்டுவைக்கும், இனி பெரிதாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எட்டு மணி மாத்திரையைக் கேட்கிறார் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

பட்டியலில் பெயர் இன்னும் இருந்ததால், அந்த வருடக் கணக்கிலும் அண்ணனின் முறை வந்தது. ஏற்கெனவே பக்கவாதம் வந்ததுண்டா என்பதுதான் முதல் கேள்வி. 'ஆம்' என்று தட்டினாள். இவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது என்று காட்டிவிட்டு மற்ற கட்டங்கள் மூடிக்கொண்டன. பொய் சொல்லக்கூட இடமில்லை. அன்று சாயங்காலம் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி அடுப்படிக்குள் போகும்வரை காத்திருந்து, கட்டிலருகே குனிந்தாள்.

"அண்ணா, அது எட்டு இல்ல. இருபத்திநாலு. நான்தான் மாத்தி எழுதினேன். உன்னைக் கேட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு... என்னைத் திட்டு அண்ணா."

அவன் அவளையே பார்த்தான். இடது கண்ணில் நீர் கோத்தது. பாதி வாய் கோணியது.

"எட்டு," என்றான். பிறகு சத்தமாக, "எட்டு! எட்டு!"

"என்னம்மா கேக்கறாரு?" என்று அடுப்படியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி கேக்கறாரு, அண்ணி."