செத்தவர் இருமக் கூடாது

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், உலகிலேயே மிகவும் பாதுகாப்பான கணினி இன்று காலை ஆறு நாற்பது மணிக்குத் தன் உரிமையாளரை இழந்தது. வைரஸ் எதுவும் தாக்கவில்லை. மாரடைப்பு.

சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த அந்த நிமிடத்திலிருந்து ஆறு மணி நேரம் கழித்து, உரிமையாளரின் ஒரே மகள் குளியலறைத் தரையில் மண்டியிட்டு, வாஷிங் மெஷினுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அழுதழுது மூக்கு அடைத்திருந்தது. கை மட்டும் நிதானமாக இருந்தது. செயற்கைப் பல் செய்து பிழைக்கும் கை அது. சந்து பொந்தெல்லாம் அதற்குப் பழக்கம்.

"கிடைச்சுதா பாப்பா?" என்றார் கதவருகே நின்ற சித்தப்பா.

"தகடு மாதிரி ஏதோ தட்டுப்படுது."

அப்பாவுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் ஃபயர்வால். ஒரு பேருந்து நிறுவனத்தில் முப்பது வருடம் கணினிகளைப் பராமரித்தவர். அடுத்தவர் வீட்டுத் தண்ணீரைக் குடிப்பார், வைஃபையைத் தொடமாட்டார். தன் மடிக்கணினியின் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டி, பென் டிரைவ் செருகும் துளைகளைக் குழாய் ஒழுகலுக்குப் பூசும் பசையால் அடைத்து வைத்திருந்தார். சொந்தத் தம்பி தன் அறுபதாவது பிறந்தநாளுக்கு மெயிலில் அனுப்பிய அழைப்பிதழைக்கூட அவர் திறக்கவில்லை. போன் போட்டு, "இதை நீதான் அனுப்பினியா, இல்ல உன் மெஷினே அனுப்பிச்சுதா?" என்று விசாரித்தார். "உன் லேப்டாப்புல திருடன் குடியிருக்கான்டா" என்றும் சொன்னார். அதோடு மூன்று வருடம் சகோதரர்களுக்குள் பேச்சு இல்லை.

சித்தப்பா சாதாரண ஆளில்லை. ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, குடியிருப்போர் சங்கத் தலைவர். காய்கறிக்காரரிடமும் 'முதற்கண்' என்று ஆரம்பிப்பவர். அவருடைய லேப்டாப்பில் திருடன் இருக்கிறான் என்றால் அது அவருக்கு மட்டுமல்ல, சங்கத்துக்கே இழுக்கு.

இருந்தும் இன்று முதலில் ஓடி வந்தவர் அவர்தான். வந்ததும் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்க்கையிலேயே அதுதான் நீண்ட மௌனம். பதினோராவது நிமிடம் தலைவர் திரும்பிவிட்டார்.

"பாப்பா, இந்தச் சோகமான வேளையிலயும் ஒரு விஷயத்தைப் பதிவு பண்ண வேண்டியிருக்கு. அண்ணனோட அந்த கிரிப்டோ காசு என்ன ஆச்சு?"

மகளையும் காலையிலிருந்து அதே கேள்விதான், வெட்கத்தோடு, அரித்துக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்றபோது கைக்கு வந்ததில் பெரும்பகுதியை அப்பா அதில்தான் போட்டிருந்தார். வீடு வாடகை. அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை. அந்தக் காசைத் திறக்க இருபத்து நான்கு ஆங்கில வார்த்தைகள் வேண்டும். அவை யார் கையில் வரிசையாகக் கிடைக்கின்றனவோ, காசு அவருடையது. இறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டுவதற்கு எந்த மேலாளரும் கிடையாது. வார்த்தைகள் கிடைக்காவிட்டால் அம்மா நாளையிலிருந்து எதை வைத்துச் சாப்பிடுவாள்?

"அம்மாகிட்ட கேக்கலாமா?"

"அண்ணியை எதுக்குத் தொந்தரவு பண்ற? படுத்திருக்காங்க. அவங்களுக்கு மவுஸை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது."

ஆகவே யாரும் அம்மாவிடம் கேட்கவில்லை. வீடு முழுக்கத் தேடி, கடைசியில் வாஷிங் மெஷினுக்கு அடியில் துழாவியதில், மழைக் கோட்டுத் துணியில் சுற்றிய எஃகுத் தகடு வெளியே வந்தது. அதில் எழுத்தெழுத்தாகத் தட்டி இருபத்து நான்கு வார்த்தைகள் பொறிக்கப்பட்டிருந்தன. மகளுக்கு நெஞ்சு இலகுவாகி, உடனே மறுபடி அழுகை வந்தது.

சித்தப்பா சாப்பாட்டு மேசையில் தன் லேப்டாப்பைத் திறந்தார். மூன்றடி தள்ளி அப்பா, மார்புவரை வெள்ளைப் போர்வையோடு படுத்திருந்தார். வண்டி மூன்று மணிக்கு வரும்.

"விலை இறங்கிட்டிருக்காம். இன்னைக்கே எடுத்துடணும். அந்தக் காசு இருக்கிற வாலட்டை மீட்டுத் தர்ற சைட்டு, தேடினதும் முதல்லயே வந்துச்சு பார். முதல்ல வர்றதுன்னா அது நல்ல சைட்டாதான் இருக்கும். நீ வாசி."

உயிரோடு இருந்திருந்தால் அந்த ஒரு வாக்கியத்துக்கே அப்பா செத்திருப்பார். மகளுக்கும் உள்ளுக்குள் எதுவோ இடறியது. ஆனால் காலையிலிருந்து அழுது களைத்திருந்தாள். அருகில் ஒரு பெரியவர் உறுதியான குரலில் பேசினால் அதில் சாய்ந்துகொள்ளலாம் போலிருந்தது. வாசித்தாள்.

"பதினெட்டாவது, டாங்கி."

"என்னது?"

"கழுதை, சித்தப்பா."

அவர் தட்டினார்.

இருபத்து நான்கும் முடிந்தன. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான்காவது நிமிடம் கூடத்துக்குள் ஒரு நாய் குரைத்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். நாற்காலிகளுக்கு அடியில் பார்த்தார்கள். நாய் விடாமல் குரைத்தது, கதவில் தொங்கிய அம்மாவின் கைப்பையிலிருந்து.

அம்மா அறையிலிருந்து வந்தாள். பையிலிருந்து அப்பாவின் பழைய போனை எடுத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தாள். குரைப்பை நிறுத்தினாள்.

"போயிடுச்சு," என்றாள்.

"எல்லாமா?"

"எல்லாம்."

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாசித்தது அவளுடைய வாய். அப்பா முப்பது வருடம் உழைத்துச் சேர்த்ததை, அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, சத்தமாக, வரிசை மாறாமல் வாசித்துக் கொடுத்திருந்தாள். அவர் முகம் இருந்த பக்கம் திரும்ப அவளால் முடியவில்லை.

"வாஷிங் மெஷினுக்கு அடியில இருந்த தகடா?"

"ஆமாம்மா."

"அது திருடனுக்காக வச்சதுடி."

அம்மா கையிலிருந்த போனைத் தூக்கிக் காட்டினாள்.

"அதுல ஒருவேளைச் சாப்பாட்டுக் காசுதான் போட்டு வச்சிருந்தார். எவனாவது தொட்டா இந்த போன்ல நாய் குரைக்கும். குரைச்சா, அந்த வார்த்தை போன மெஷின்லயோ சைட்டுலயோ திருடன் இருக்கான்னு அர்த்தம்." அம்மா மேசையைப் பார்த்தாள். "தம்பி, எந்த மெஷின்ல போட்டீங்க?"

சித்தப்பா முதன்முறையாக முன்னுரை இல்லாமல் பேசினார். "என்னோடதுல."

"முதல்ல வைஃபையைத் துண்டிங்க. பேங்க் பாஸ்வேர்டெல்லாம் இதுலதான் இருக்கா?"

"ஒரு ஃபைல்ல எழுதி வச்சிருக்கேன் அண்ணி."

"ஃபைலுக்கு என்ன பேரு?"

"பாஸ்வேர்டு."

அம்மா கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். "பாப்பா, உன் போனைக் கொடு. தம்பி, இதுலருந்து பேங்குக்குப் பேசி கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. இப்பவே. பேசிட்டு அப்புறம் அழலாம்."

சித்தப்பா பேசினார். பெயர், பிறந்த தேதி, அம்மாவின் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். காலையிலிருந்து யாரோ இரண்டு முறை உள்ளே நுழையப் பார்த்திருக்கிறார்கள், இன்னும் எதுவும் போகவில்லை, நல்ல நேரத்தில் கூப்பிட்டீர்கள் என்றார்கள். அவர் போனை வைத்துவிட்டு அண்ணன் படுத்திருந்த பக்கம் போய் நின்றார். "சொன்னார்," என்றார். "மூணு வருஷம் முன்னாடியே சொன்னார்."

மகள் தரையிலிருந்தே கேட்டாள். "அப்ப உண்மையான வார்த்தைங்க எங்கம்மா?"

"என்கிட்ட இருக்கு."

"ஏன் சொல்லல?"

"யார் கேட்டீங்க?"

சித்தப்பா தன் லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"எங்க இருக்குன்னு மட்டும் கேக்காத. நான் சொல்லக்கூடாது," என்றாள் அம்மா. பிறகு அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தபடியே சொன்னாள். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒத்திகை வைப்பார். அவர் சோபாவுல செத்த மாதிரி படுத்துக்குவார். நான் புது வாலட் கருவியை எடுத்து, வார்த்தையைப் போட்டு, காசு வர்ற வரைக்கும் எல்லாத்தையும் தனியா செய்யணும். அவர்கிட்ட எதுவும் கேக்கக்கூடாது. முதல் தடவை மூணு மணி நேரம் ஆச்சு. போன மாசம் பதினாலு நிமிஷம்."

"அப்பா சும்மா படுத்திருந்தாரா?"

"எங்க இருந்தார். நான் ஒரு எழுத்தைத் தப்பா போட்டா உடனே இருமுவார். செத்தவர் இருமக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கேட்டாத்தானே."

அம்மாவின் கை போர்வையின் ஓரத்தில் நின்றது. மகள் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா யாரையும் நம்பாதவர் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது.

"உனக்குப் பயமா இல்லையாம்மா?"

"இன்னைக்குத் தலை சுத்துது. நாளன்னைக்கு உக்காந்து பண்ணிடுவேன். நீ வேணா சோபாவுல உக்காந்துக்கோ. இருமாம இரு."

மூன்று மணிக்கு வந்த வண்டி பெரியது. அப்பாவைச் சுமந்த பகுதியிலேயே இரு பக்கமும் இருக்கை இருந்தது. ஏறியது ஐந்து பேர், ஓட்டுநரைச் சேர்த்து ஆறு. பாதி வழியில் வங்கியிலிருந்து மகளின் போனுக்குச் செய்தி வந்தது: கணக்கு பத்திரமாக இருக்கிறது, புதிய கடவுச்சொல்லை அமைக்கவும். சித்தப்பா போனை வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகத் தடவித் தடவி அழுத்தினார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

"வச்சுட்டேன் அண்ணி," என்றார். "அண்ணன் போன தேதிதான். இனி சாகிற வரைக்கும் எனக்கு மறக்காது."

வண்டியில் இருந்த ஆறு பேருக்கும் இப்போது அது தெரியும்.