வலப்பக்கம் திரும்பாத வழி

...கோடியக்கரை தெரிகிறது, கோயமுத்தூரைத்தான் காணோம், இதென்னடா கூத்து, இப்போதுதானே போட்டோம், புறப்படும் இடம் பெரியநாயக்கன்பாளையம், சேரும் இடம் கோடியக்கரை, கம்ப்யூட்டர் மேப்பில் நீலக்கோடு வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, தஞ்சாவூர், திருச்சி வரைக்கும் நல்லபிள்ளையாக வந்துவிட்டுக் கரூர்ப் பக்கம் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது... கந்தப்பன் கழுத்தை இடப்பக்கம் திருப்பினார், காங்கேயம் வந்தது, பல்லடம் வந்தது, இன்னும் கொஞ்சம் திருப்பினார், ஊரே வந்துவிட்டது. ஊர் எங்கேயும் போகவில்லை, அதே இடத்தில்தான் இருக்கிறது, காணாமல் போனது தன் இடது பக்கம்தான். ஆடி மாதம் பட்டறையில் லேத் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது கையிலிருந்த மைக்ரோமீட்டர் நழுவி விழுந்ததே, அன்றைக்குப் போனது, லேசான ஸ்ட்ரோக் என்றார் டாக்டர், லேசானதாம், யாருக்கு லேசு? கை வந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது, இரண்டு கண்ணிலும் இடது பாதி மட்டும் வரவே இல்லை. ஐப்பசியில் வீட்டுக்காரி வசந்தாமணி கண் எப்படி என்று கேட்டபோது எல்லாம் சரியாயிருச்சு என்று சொல்லிவிட்டார். சொன்னது சொன்னதுதான், இனி அதை மாற்றினால் நன்றாகவா இருக்கும்?

அவளுக்குக் கோடியக்கரை எப்படித்தான் பிடித்துப்போனதோ, கட்டின புதிதில் ஏதோ காலண்டரில் பூநாரைப் படம் பார்த்துவிட்டு, மூணு பக்கமும் தண்ணியாமுங்க, ஒருக்காப் போலாமுங்க என்றாள், போலாம் போலாம் என்றே முப்பத்து நான்கு வருஷம் ஓடிவிட்டது, பம்பு ஆர்டர், பிள்ளை படிப்பு, மறுபடியும் பம்பு ஆர்டர்... வண்டி ஓட்டத் தெரிந்த காலத்தில் கூட்டிப் போகாத மடையன், ஓட்டக்கூடாது என்று டாக்டர் சாவியைப் பிடுங்கின பிறகு வழி போட்டுக்கொண்டிருக்கிறேன். பெங்களூரிலிருந்து சபரீஷ் தினமும் போன், ஆக்டிங் டிரைவர் போட்டுக்குங்கப்பா என்று. எதற்கு டிரைவர்? ஐம்பத்தைந்து வயதில் ஒருத்தி ஆவணியில் டிரைவிங் ஸ்கூல் சேர்ந்து ஐப்பசியில் லைசென்ஸ் வாங்கிக் காட்டியிருக்கிறாள், மூன்று பக்கமும் தண்ணீர் பார்க்க அவளே ஓட்டிக்கொண்டு போகவேண்டும், பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்து பார்க்கவேண்டும், நடுவில் ஒரு டிரைவர் எதற்கு, நந்தி மாதிரி.

பயம் ஒன்றே ஒன்றுதான், அவளுக்கு வலப்பக்கம் திரும்புவது ஆகாது. துடியலூர் சிக்னலில் வலது திரும்பும்போது எஞ்சின் நின்றுபோய், பின்னால் பஸ்காரன் ஹாரனில் ஏறி உட்கார்ந்துகொண்டான், அவள் சிரித்துச் சமாளித்தாளே தவிர உள்ளுக்குள் உதறியிருக்காதா? அதிலிருந்து எந்தத் திருப்பம் வந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், இவர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டுதானே வருகிறார். எதிரே வருகிற லாரியை வெட்டிக்கொண்டு திரும்புவதென்றால் சும்மாவா. இடது திரும்புவது அப்படியில்லை, ஓரமாக ஒட்டினாற்போல் திருப்பினால் முடிந்தது. அதனால்தான் மூன்று நாளாக இந்த நோட்டு, பட்டறையில் டிராயிங் போட்ட கைதானே, ஒரு முறை வலது திரும்புவதற்குப் பதில் மூன்று முறை இடது திரும்பினால் அதே ரோட்டுக்கு வந்துவிடலாம், கணக்கு சரிதான், இடிகரை, கோவில்பாளையம், கருமத்தம்பட்டி, சோமனூர் என்று ஊரைத் தொடாமல் சுற்றி, பல்லடத்தில் ஒரு வட்டம், வெள்ளகோவிலில் ஒரு வட்டம்... பதினேழு வலது இருந்த வழியில் இப்போது நான்குதான் மிச்சம், முப்பது கிலோமீட்டர் கூடுதல், போகட்டும், டீசல்தானே. ஆரம்பத்தில் இடது திரும்பும்போதும் கேட்பாள், எடது பக்கம் வண்டி வருதுங்களா என்று, வல்ல, போ என்பார், பார்க்காமலே, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு... கார்த்திகையில் ஒருநாள் அப்படிச் சொன்ன வாய் மூடுவதற்குள் மொபெட்காரன் ஒருத்தன் ஒட்டி உரசிக்கொண்டு போனான், பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. திருட்டுப்பய மாதிரி வாரான் பாரு என்று இவர்தான் திட்டினார். அதற்குப் பிறகு அவள் கேட்பதே இல்லை, கை பழகிவிட்டது, அவ்வளவுதான், வேறென்ன?

மணி ஐந்து. மாத்திரை. மாத்திரையைத் தேடினால் அலமாரியில் இல்லை, பிரிட்ஜ் மேல் இல்லை, அட, பையில் போட்டுவிட்டாள், பை எதிர்வீட்டில் இருக்கிறது. நாளைக்குச் சனிக்கிழமை, கிழக்கே சூலம், கிழக்கே பயணம் போகக்கூடாது, தங்குமிடத்தில் அறை கிடைத்ததோ சனிக்கிழமைக்குத்தான். அதற்கும் வழி வைத்திருக்கிறார்களே, வெள்ளிக்கிழமையே பையைக் கொண்டுபோய்க் கிழக்கே இருக்கிற ஒரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு, பரஸ்தானம் என்று பெயர், மத்தியானமே மாரியாத்தாள் வீட்டில் வைத்துவிட்டு வந்தவள் இப்போது டயருக்குக் காற்றுப் பிடிக்க பெட்ரோல் பங்குக்குக் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ரோட்டைத் தாண்டும்போது கழுத்தை நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், தனியாக இருக்கும்போது வெட்கமில்லாமல் திருப்பலாம். மாரியாத்தாள் பூஜை அறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"தொறந்து எடுத்துக்குங்கண்ணா, பைய மட்டும் ஊட்டுக்குக் கொண்டு போயிராதீங்க. வெச்சது திரும்பிப் போனா பயணம் வெளங்காதுங்க."

அங்கேயே தரையில் உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தார். துண்டு, ஸ்வெட்டர், அவள் சேலை இரண்டு, முறுக்கு டப்பா, மாத்திரைப் பெட்டி கிடைத்துவிட்டது, அதோடு மூடியிருக்கலாம், கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம்... அடியில் பிரிக்காத கவரில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி, லாரிக்காரர்கள் ஓரக் கண்ணாடி மேல் ஒட்டுகிற குமிழ்க் கண்ணாடி, இது எதற்கு இவளுக்கு? கவரைச் சுற்றி ஒரு தாள், அவளுடைய குண்டு குண்டு எழுத்து. ஊர்ப் பெயர்கள், சூலூர், பல்லடம், காங்கேயம், கரூர், நேர் வழி, திருப்புகிற இடமெல்லாம் குறித்திருக்கிறாள், வலது என்று எழுதின இடத்தில் ஒன்றுமே இல்லை, சும்மா வலது, இடது என்று வந்த இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவில் சுழித்திருந்தது. கடைசியில் இரண்டு வரி. கண்ணாடியை இடது பக்கம் ஒட்டணும், நானே பார்த்துக்கணும். அவரைக் கேட்கக்கூடாது, கேட்டால் தெரியுது என்று பொய் சொல்வார், பாவம்.

பாவமாம். கந்தப்பனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது, கோபமா, அழுகையா, என்ன எழவென்றே தெரியவில்லை. மாரியாத்தாள் தண்ணீர் வேணுங்களாண்ணா என்று கேட்டதற்கு மாத்திரையைக் காட்டித் தலையாட்டினார், விழுங்கினார், கண்ணாடியையும் தாளையும் இருந்தபடியே சுருட்டி அடியில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். அப்படியென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டது வலதுக்கு இல்லை. இடதுக்கு. இவர் உட்கார்ந்திருக்கிற பக்கம் திரும்பும்போதுதான், இவர் தலைக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு... மூன்று நாள் உட்கார்ந்து, முப்பது கிலோமீட்டர் சுற்றி, அவளுக்கு எது பயமோ அதையே தேடித்தேடிக் கோர்த்து வைத்திருக்கிறேன். அடப்பாவி கந்தப்பா. அவள் கேட்டிருக்கலாம் அல்லவா, ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க, அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம் அல்லவா, போட்டிருந்தால் இவரும் பதிலுக்குக் கத்திவிட்டு உண்மையைச் சொல்லியிருப்பார்... சொல்லியிருப்பாரா?

வெளியே வந்து மாரியாத்தாள் வீட்டு வாசலிலேயே நின்றார், கார் வருகிற சத்தம், அவள்தான், கியர் மாற்றுகிற தினுசிலேயே தெரியும். எப்போதிலிருந்து தெரிந்து வைத்திருக்கிறாள்? தட்டில் பொரியல் எப்போதிருந்து வலது பக்கமாக நகர்ந்தது, காபி டம்ளர்? தன் கண்தான் தேறி வருகிறது, இப்போதெல்லாம் பொரியலை மிச்சம் வைப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாரே. முப்பது வருஷத்துக்கு மேல் இரண்டு எட்டுப் பின்னால் நடந்து வந்தவள், இந்த ஆறு மாதமாகக் கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் பக்கத்தில் வருகிறாள், வயதான பிறகு கை கோக்க ஆசை வந்துவிட்டது என்று உள்ளூர ஒரு சந்தோஷம் கூட இருந்தது... இடப்பக்கம். ஒரு நாள்கூட வலப்பக்கம் வந்ததில்லை. காரில் மட்டும்தான் அவள் வலப்பக்கம் உட்கார்ந்தாகவேண்டும், அங்கே இவருடைய இடது பக்கத்துக்கு ஆள் இல்லை, அதற்குத்தான் அந்தக் கண்ணாடி.

கார் நின்றது. கதவு சாத்துகிற சத்தம், செருப்புச் சத்தம், முன்பக்கமாகச் சுற்றி வருகிறாள், வந்து இவர் பக்கத்தில் நின்றுவிட்டாள், ஆளைக் காணோம், வளையல் மட்டும் கேட்கிறது.

"ஏனுங்க, மாத்தர போட்டீங்களா? ரூட்டெல்லாம் முடிஞ்சுதுங்களா?"

முடிந்தது என்று சொல்லத்தான் வாயெடுத்தார், நோட்டு வீட்டு மேசையில் திறந்தபடியே கிடக்கிறது, அதைக் கிழித்துப்போட அரை நிமிஷம் போதும்... கந்தப்பன் தலையை மட்டும் திருப்பாமல், உடம்போடு, மெதுவாக, முழுசாக இடப்பக்கம் திரும்பினார், அவள் பார்த்துக்கொண்டே நிற்க, அவள் முகம் பாதி வந்தது, பிறகு மீதியும் வந்தது.